கைத்தொலைபேசி ஒப்பந்தம்: கையெழுத்து யாருடையது?

நோர்வேயில் புதுக் கைத்தொலைபேசி எடுக்க இரண்டு வழி இருக்கு. முழுக் காசையும் கொடுத்து வாங்கி, மலிவான சிம் ஒன்றைப் போடலாம். அல்லது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, போனையும் சந்தாவையும் மாதாமாதம் சேர்த்துக் கட்டலாம். ஒஸ்லோவில் நான் ஐடி வேலை செய்வதால், "எது லாபம்?" என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, 12,000 குரோனர் போனை 24 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் 500. அதோடு சந்தா 450. இரண்டு வருடத்தில் 22,800 குரோனர். அதே போனைக் காசுக்கு வாங்கி, 250 குரோனர் சந்தா போட்டால் 18,000தான். தவணைக்கு வட்டி இல்லை என்பார்கள். ஆனால் அந்த வட்டி சந்தாவுக்குள் ஒளிந்திருக்கலாம்.

அதற்காக ஒப்பந்தம் கூடாது என்றில்லை. மொத்தக் காசு கையில் இல்லாத மாணவருக்கு அது பெரிய உதவி. நிறைய டேட்டா பாவிப்பவருக்குக் கூடிய சந்தாவும் நட்டமில்லை. ஆனால் "ஒப்பந்தம் எடுத்தால்தான் போனுக்குப் பாதுகாப்பு" என்பது சரியில்லை. பழுதான போனுக்கு முறையிட நோர்வேச் சட்டம் 5 வருடம் தருகிறது. கைத்தொலைபேசிக்கும் இது பொருந்தும் என்று 2007இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. காசுக்கு வாங்கினாலும் இந்த உரிமை உண்டு. விழுந்து உடைந்தால் மட்டும் அது கைகொடுக்காது.

இணையத்திலோ தொலைபேசியிலோ ஒப்பந்தம் செய்தால், 14 நாளுக்குள் மனம் மாறலாம். கடையில் நேரே கையெழுத்து வைத்தால் அந்தச் சட்ட உரிமை இல்லை. 2017 ஜூன் முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்குள் ரோமிங் மேலதிகக் கட்டணம் இல்லை. இலங்கை, இந்தியா, கனடா மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் சுவிஸும் அந்த வலயத்துக்கு வெளியே. கோடை விடுமுறைக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கோ.

இவற்றை எல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. ஒப்பந்தம் என்பது கடன். அதனால் நிறுவனம் உங்கள் கடன் தகுதியைப் பார்க்கும். புதிதாக வந்தவருக்கு இங்கே வருமானப் பதிவு இருக்காது, விண்ணப்பம் மறுக்கப்படலாம். உடனே, "அண்ணை, உங்கட பேரில ஒண்டு எடுத்துத் தாங்கோ" என்ற கேள்வி வரும். எங்கட ஆக்களுக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் வராது.

ஆனால் சட்டத்துக்கு அண்ணன் தம்பி தெரியாது, பெயர்தான் தெரியும். அவர் இரண்டு பில்லைத் தவறவிட்டால் இன்காசோக் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதையும் கட்டாவிட்டால் உங்கள் பெயரில் கடன் குறிப்பு ஏறும். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அது முன்னால் நிற்கும். கட்டி முடித்தால் குறிப்பு நீங்கும். உறவில் விழுந்த விரிசல் அப்படி நீங்குமோ தெரியாது.

புதிதாக வந்தவருக்கு முற்பணம் கட்டும் சிம் போதும். பின்பு அதே இலக்கத்தோடு ஒப்பந்தத்துக்கு மாறலாம். வீட்டில் நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், அப்பா அம்மா கையெழுத்து வைக்க முன் மொத்தத் தொகையையும் விலகும் நிபந்தனையையும் வாசித்துச் சொல்லட்டும்.

உதவி செய்யாதேங்கோ என்று சொல்லவில்லை. முடிந்தால் காசைக் குடுங்கோ, பழைய போனைக் குடுங்கோ. கையெழுத்தை மட்டும் குடுக்காதேங்கோ.