உணவக எண்ணெய் பாதாள சாக்கடையை அடைப்பது ஏன்? கொழுப்புத் தொட்டியை மேம்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை

மைசூரு: தசரா மற்றும் திருமணக் காலங்களில் மைசூரின் பெரிய விடுதி வளாகங்களில் சமையலறைகள் அதிகாலை முதல் நள்ளிரவு வரை இயங்குகின்றன. மைசூர்பாகுக்குக் காய்ச்சிய நெய், தோசைக்கல்லில் வழிந்த எண்ணெய், குழம்புப் பாத்திரங்களின் படிவு என அனைத்தும் கழுவுநீருடன் வெளியேறுகின்றன. அந்த நீருக்கும் பாதாள சாக்கடைக்கும் இடையே உள்ள ஒரே தடுப்பு, 'கிரீஸ் டிராப்' என்று அழைக்கப்படும் கொழுப்புப் பிரிப்புத் தொட்டிதான்.

இதன் செயல்பாடு எளிமையானது. எண்ணெய் நீரைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி குறைந்தது. தொட்டிக்குள் நீரின் வேகம் தணிந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். உணவுத் துகள்கள் அடியில் படியும். இடையிலுள்ள நீர் தடுப்புச் சுவரின் கீழாக வெளியேறும். ஆனால், இதற்குப் போதிய நேரமும் குளிர்ச்சியும் தேவை.

பழைய தொட்டிகள் தோற்பது இங்குதான். சில அறைகளுக்காகக் கட்டிய தொட்டியிலேயே பின்னர் திருமண மண்டபத்தின் சமையலறையும் இணைக்கப்படுகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சுடுநீரும் சோப்புக் கரைசலும் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்துவிடுகின்றன. அவை தொட்டியைக் கடந்து, சாக்கடைக் குழாயில் குளிர்ந்த பிறகே பிரிகின்றன. பரபரப்பான சமையலறையின் கொழுப்புத் தொட்டி எப்போதும் சுத்தமாகத் தெரிந்தால், அது மகிழ்ச்சிக்குரிய செய்தியல்ல.

நெய்யும் வனஸ்பதியும் உறையும், சூரியகாந்தி எண்ணெய் உறையாது என்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் சரியன்று. சாக்கடையில் எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலமாகிறது. அது கான்கிரீட்டிலிருந்தும் நீரிலிருந்தும் வரும் கால்சியத்துடன் வினைபுரிந்து, சோப்பு போன்ற கடினப் பொருளாகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வேதிவினையை விளக்கியுள்ளனர். லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் 2017ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அடைப்பு சுமார் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. அதன் ஒரு துண்டு பின்னர் அருங்காட்சியகத்திலேயே வைக்கப்பட்டது.

மைசூரின் கழிவுநீர் வித்யாரண்யபுரம், ராயன்கெரே, கேசரே ஆகிய சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, பொதுச் சாக்கடையில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீர்நிலையில் நேரடியாக விட்டால் வரம்பு 10 மில்லிகிராம். சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துள்ள வளாகங்களுக்கும் விலக்கில்லை. நீரில் ஆக்சிஜன் கலப்பதைக் கொழுப்பு தடுப்பதால், அங்குள்ள நுண்ணுயிர்களின் வேலை முடங்கும்.

தொட்டியின் அளவை நாள் சராசரியை வைத்துக் கணக்கிடக் கூடாது. உச்ச நேர ஓட்டமே அடிப்படை. விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது நிமிடத்துக்கு 100 லிட்டர் நீர் வந்தால், அது அரை மணி நேரம் தங்க 3,000 லிட்டர் கொள்ளளவு தேவை. மிதக்கும் கொழுப்புக்கும் அடிப்படிவுக்கும் கூடுதல் இடம் வேண்டும். இடமில்லாத அடித்தளங்களில், கொழுப்பைத் தானாக வழித்தெடுக்கும் இயந்திரத் தொட்டிகள் பொருத்தப்படுகின்றன. எனினும் அவற்றின் வடிகட்டிக் கூடையையும் தினமும் யாராவது காலி செய்தாக வேண்டும்.

கொழுப்பும் படிவும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால் பங்கை எட்டினால் அகற்ற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அதை யார், எப்படி அகற்றுவது என்பது மேம்பாட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வி. மூடிய தொட்டியில் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. சாக்கடைகளில் இறங்கியோர் உயிரைப் பறித்த அதே நச்சுவாயு இது. பாதுகாப்பு உபகரணமின்றிச் சாக்கடையிலும் மலக்கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. எனவே கட்டும்போதே அகலமான மூடிகள், காற்றுப்போக்கிக் குழாய், உறிஞ்சு லாரியின் குழாய் எட்டும் இடம் ஆகியவற்றை அமைத்துவிட்டால், ஆள் இறங்கும் தேவையே எழாது.

பொரித்து மீந்த எண்ணெய் இந்தத் தொட்டிக்கு வரவே கூடாது. அதைத் தனியே சேகரித்து பயோடீசல் தயாரிப்புக்கு அனுப்பும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு தொடங்கியது. தட்டுகளையும் வாணலிகளையும் கழுவும் முன் வழித்துத் துடைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. புதிய தொட்டி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.