சான்றிதழ் தராத கல்லூரி

ராஜஸ்தானின் திலோனியாவில் பயின்ற கிராமத்துப் பெண்கள் கைபம்பைப் பழுது பார்த்தார்கள், சூரிய விளக்கு செய்தார்கள், ஊராட்சித் தலைவராகவும் ஆனார்கள். பிறகு அரசு ஒரு கேள்வி கேட்டது: எட்டாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே?

2015 ஜனவரி. ராஜஸ்தானில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. அஜ்மீர் மாவட்டத்தின் ஹர்மாடா கிராமத்தில் ஐந்து ஆண்டுகள் சர்பஞ்ச்சாக இருந்த நௌர்தி பாய் மறுபடியும் போட்டியிட முடியவில்லை. ஊழல் புகாரோ வழக்கோ காரணமில்லை. அதற்கு முந்தைய மாதம் மாநில அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்திருந்தது. சர்பஞ்ச் பதவிக்குப் போட்டியிடுபவர் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றது அது. நௌர்தி பள்ளிக்கூடம் போனதில்லை.

ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். கம்ப்யூட்டர் தெரியும், மற்றவர்களுக்குக் கற்றும் கொடுத்தவர். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது பல அதிகாரிகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இதையெல்லாம் அவர் கற்ற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் வெறுங்கால் கல்லூரி. அங்கே எல்லாம் கிடைக்கும், சான்றிதழைத் தவிர.

ஒரு ரூபாய் வாடகை

ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், பளிங்குக் கல் வியாபாரத்துக்குப் பேர்போன கிஷன்கட் நகருக்கு அருகே இருக்கிறது திலோனியா. வறண்ட பூமி. 1972-ல் அங்கே வந்து சேர்ந்தார் சஞ்சித் ராய். 'பங்கர்' ராய் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டூன் பள்ளி, தில்லி செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரி என்று வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடங்களில் படித்தவர். ஸ்குவாஷ் ஆட்டத்தில் தேசிய சாம்பியன். அறுபதுகளில் பிகார் பஞ்சத்தை நேரில் பார்த்தது அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது. கிராமத்துக்குப் போய்க் கிணறு வெட்டும் வேலையில் இறங்கினார்.

திலோனியாவில் அரசு கைவிட்ட பழைய காசநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. ஒரு ரூபாய் வாடகையில் அது கிடைத்தது. சமூகப் பணி மற்றும் ஆய்வு மையம் என்ற பெயரில் வேலை தொடங்கியது. பிற்பாடு 'வெறுங்கால் கல்லூரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஊர்ப் பெரியவர்களுக்கு முதலில் சந்தேகம். இந்தப் பையன் பரீட்சையில் தோற்றுவிட்டானா, போலீசுக்குப் பயந்து ஓடி வந்தானா என்று விசாரித்ததாக ராய் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நம்பிக்கை வந்த பிறகு அவர்கள் சொன்ன யோசனை, பட்டம் வாங்கியவர்களை உள்ளே விடாதே என்பதுதானாம். ஆனால் ஆரம்பத்தில் நகரத்திலிருந்து படித்தவர்கள் வரத்தான் செய்தார்கள். பலர் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். நிபுணர் ஊருக்குத் திரும்பியதும் வேலை நின்றுபோனது. எழுபதுகளின் இறுதிக்குள் பாடம் புரிந்துவிட்டது: ஊரை விட்டுப் போகாதவர்களுக்குத்தான் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வந்து தங்கியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த அருணா ராய். ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு எழுபதுகளின் நடுவில் திலோனியா வந்தவர் 1983 வரை அங்கே இருந்தார். பின்னாளில் 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் போய் முடிந்த போராட்டத்தின் விதைகளில் சில இந்த மண்ணில் கிடைத்தவை.

பம்பும் விளக்கும்

கைபம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் பம்பு பழுதானால் மேலிடத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஜீப், மெக்கானிக், உதிரிபாகம் மூன்றும் ஒன்று சேர்ந்து வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதுவரை பெண்கள் தலையில் குடத்தோடு நடக்க வேண்டியதுதான். திலோனியா கண்ட வழி சுலபமானது. உள்ளூர் இளைஞன் ஒருவனுக்கு ஒரு பை ஸ்பானரும் பயிற்சியும் கொடுத்தால் போதும். ராஜஸ்தான் அரசே இந்த 'மிஸ்திரி' முறையை ஏற்றது. அடுத்து, தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள்தானே, பழுது பார்ப்பதை மட்டும் ஏன் ஆண்கள் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பெண் மெக்கானிக்குகள் வந்தார்கள். முக்காடு போட்ட பெண் ஒருத்தி பம்பைப் பிரித்துப் போடுவதை ஆண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர் வந்ததும் கலைந்து போனார்கள்.

1986-ல் தொடங்கிய புதிய வளாகத்தைக் கட்டியவர்களும் உள்ளூர் ஆட்கள்தான். கூரைகளில் விழும் மழைநீர் தரைக்கடியில் சுமார் 4 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியில் சேர்கிறது. கூரை ஒழுகாமல் இருக்கப் பெண்கள் வெல்லம் சேர்த்த கலவை ஒன்றைப் பூசினார்கள். அதன் பக்குவத்தை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். 2001-ல் இந்தக் கட்டடங்களுக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கூடவே சர்ச்சையும் வந்தது. வடிவமைப்பில் பங்கேற்ற பட்டதாரிக் கட்டடக் கலைஞருக்கு உரிய பெயர் தரப்படவில்லை என்ற வாதம் எழுந்தது. கடைசியில் கல்லூரி விருதைத் திருப்பிக் கொடுத்தது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் நடுவே கோடு போடுவது திலோனியாவுக்கே சிக்கலாகத்தான் இருந்தது.

வளாகத்துக்கு வேண்டிய மின்சாரம் எண்பதுகளின் இறுதியிலேயே சூரியனிடமிருந்து வரத் தொடங்கிவிட்டது. அந்த அனுபவம்தான் கல்லூரியை உலகம் அறியச் செய்தது. 2004-ஐ ஒட்டி ஆப்கானிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகளின் கிராமங்களிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். 2008-லிருந்து அவர்களுடைய விமானக் கட்டணம், பயிற்சிச் செலவு ஆகியவற்றை இந்திய அரசின் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் ஏற்றது. பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஆசிரியைக்கும் மாணவிக்கும் பொது மொழி கிடையாது. வயர்களின் நிறம், கையசைவு, செய்து காட்டுதல் இவைதான் பாடமொழி. ஆறு மாதத்தில் சர்க்யூட் பலகை பொருத்தி, பேட்டரி இணைத்து, பழுது நீக்கும் அளவுக்குத் தேறித் திரும்பினார்கள்.

ஏன் பாட்டிகள்? ராய் சொல்லும் காரணத்தில்தான் இந்தக் கல்லூரியின் தத்துவமே இருக்கிறது. இளைஞனுக்குப் பயிற்சி கொடுத்தால் முதலில் சான்றிதழ் கேட்பான். கிடைத்ததும் நகரத்துக்குப் பஸ் ஏறுவான். பாட்டி எங்கும் போகமாட்டாள். கற்றது ஊரிலேயே இருக்கும்.

இரவுப் பள்ளி

ஆடு மாடு மேய்க்கும் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்? பகல் முழுக்க அவளுக்கு வேலை இருக்கிறது. ஆகவே 1975-ல் திலோனியா இரவுப் பள்ளிகளைத் தொடங்கியது. பொழுது சாய்ந்த பிறகு வகுப்பு. பின்னாளில் வெளிச்சத்துக்குச் சூரிய லாந்தர். அதிகம் வந்தவர்கள் பெண் குழந்தைகள். கால்நடை வைத்தியம், நிலம் அளப்பது, தபால் நிலையத்திலும் போலீஸ் நிலையத்திலும் என்ன நடக்கும் என்பதெல்லாமும் பாடம்தான். 1991 கணக்கெடுப்பில் ராஜஸ்தான் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 20 சதவிகிதம்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

1993-ல் குழந்தைகள் நாடாளுமன்றம் வந்தது. இரவுப் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதமரையும் மந்திரிகளையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, லாந்தர் எரிகிறதா, குடிநீர் இருக்கிறதா என்று கண்காணிப்பது மந்திரிகள் பொறுப்பு. பகலில் ஆடு மேய்க்கும் பெண் மாலையில் பிரதமர். பெரியவர்களுக்குச் செய்தி சொல்ல பொம்மலாட்டம் இருந்தது. ஜோக்கிம் சாச்சா என்ற 300 வயதுக் கிழவர் பொம்மை, நேரில் யாரும் பேசத் துணியாத விஷயங்களை ஊர் நடுவே பேசியது. உலக வங்கி அறிக்கைகளின் காகிதத்தை அரைத்துத்தான் பொம்மைகள் செய்கிறோம் என்று ராய் கிண்டலாகச் சொல்வதுண்டு.

ஏழு ரூபாய் வழக்கு

கல்லூரி ஊருக்கு என்ன செய்தது என்பதற்குப் பெரிய சாட்சி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. வறட்சி நிவாரணப் பணியாக மதன்கஞ்ச்-ஹர்மாடா சாலை போடப்பட்டது. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ஏழு ரூபாய். ஆனால் சாலையில் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதைவிடக் குறைவாகவே வாங்கினார்கள். நிவாரண வேலைகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு அளித்த 1964-ம் ஆண்டு மாநிலச் சட்டத்தை அரசு காட்டியது. பஞ்ச காலத்தில் வேலை கொடுப்பதே பெரிது, கூலியில் பேரம் பேசலாமா என்பதுதான் வாதத்தின் சாரம்.

அந்தச் சாலையில் வேலை செய்தவர்களில் ஒருவர், தலித் பெண்ணான நௌர்தி. மற்றவர்களைத் திரட்டினார். கல்லூரியின் இயக்குநர் என்ற முறையில் ராய் உச்ச நீதிமன்றம் போனார். 1983 ஜனவரியில் நீதிபதிகள் பி.என். பகவதியும் ஆர்.எஸ். பாதக்கும் தீர்ப்பளித்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. கொடுப்பது அரசாங்கமாக இருந்தாலும், பஞ்ச காலமாக இருந்தாலும் அப்படித்தான். 'சஞ்சித் ராய் எதிர் ராஜஸ்தான் அரசு' என்ற அந்த வழக்கு சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அதற்கு மண் சுமந்தவர்கள் படித்ததோ திலோனியாவில்.

வழக்குக்குப் பிறகு நௌர்தி கல்லூரியில் எழுத்து கற்றார். நடுவயதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் கற்றார். 2010-ல் ஹர்மாடா மக்கள் அவரைச் சர்பஞ்ச்சாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊராட்சிக் கணக்கை யாரோ எழுதித் தர, கைநாட்டு வைக்கும் தலைவராக அவர் இருக்கவில்லை.

இன்னொரு பாதை

சான்றிதழ் வேண்டாம் என்பது எல்லோருக்கும் பொருந்துமா? சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நாட்டின் வேறு பகுதிகளில் வளர்ந்தது நேர் எதிரான பாதை. 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னை மயிலை உயர்மறை மாவட்டம் இன்னொன்றைத் திறந்தது. சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த முறையை நாடெங்கும் பரப்பப் பாடுபட்டார். பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கும் குடிசைப் பகுதிப் பெண்களுக்கும் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி, முடிவில் டிப்ளமா. 2009-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2012-13 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழுவும் தத்தம் திட்டங்களோடு வந்தன. இங்கே வாங்கும் மதிப்பெண்ணோடு மேல்படிப்புக்குப் போகலாம் என்பதே மானியக் குழுத் திட்டத்தின் கவர்ச்சி.

இதிலும் நியாயம் இருக்கிறது. மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்குப் போகும் பெண்ணிடம், உனக்குத் தெரிந்ததே போதும், காகிதம் எதற்கு என்று சொல்ல முடியாது. காகிதம் இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். படித்த வீட்டிலிருந்து வந்தவர் பட்டத்தைத் தூக்கியெறியலாம். பட்டமே பார்க்காத வீட்டுப் பிள்ளைக்கு அது ஏணி. திலோனியாவின் கவலை வேறு. ஏணியில் ஏறியவர் திரும்பி வருவதில்லை. ஊர் பழையபடியே இருக்கிறது. ஆளை உயர்த்துவதா, ஊரை உயர்த்துவதா என்ற கேள்விக்கு இரண்டு கல்லூரிகளும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன.

காகிதத்தின் வெற்றி

2014-ன் அவசரச் சட்டம் இந்த விவாதத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது. 2011 கணக்கெடுப்பின்படி ராஜஸ்தான் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்களே 52 சதவிகிதம். எட்டாம் வகுப்பு தேறியவர்கள் அதிலும் குறைவு. கிராமத்து மூத்த பெண்களில், தலித், ஆதிவாசிப் பெண்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஹரியானாவும் இதே போன்ற சட்டம் இயற்றியது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. படித்த தலைவர் வந்தால் நிர்வாகம் சீராகும் என்பது ஆதரித்தவர்கள் வாதம். பள்ளிக்கூடம் கட்டித் தராத அரசு, பள்ளிக்கூடம் போகாததற்குத் தண்டனை தரலாமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். எழுத்தும் கணக்கும் அறிந்தும் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

2019 பிப்ரவரியில் ராஜஸ்தான் சட்டமன்றம் அந்தத் தகுதி நிபந்தனையை நீக்கியது. சர்பஞ்ச் ஆக எட்டாம் வகுப்பு வேண்டாம் என்றானது. நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

கல்லூரி ஒன்று தன்னைச் சுற்றியுள்ள ஊருக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் வழக்கமாக எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். திலோனியாவில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே பார்க்க வேண்டியது பம்பில் தண்ணீர் வருகிறதா, கூலிப் பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்க ஊரில் ஆள் இருக்கிறதா என்பதைத்தான். ஹர்மாடா சாலையில் அப்படிக் கேட்க ஒரு பெண் இருந்தார். ஏழு ரூபாய்க்கு அவர் போட்ட சண்டை நாடு முழுவதற்கும் சட்டமானது. அவரிடம் சான்றிதழ் மட்டும்தான் இல்லை.