முன் அலமாரியில் பழைய பதிப்பு

வீட்டு முன்னறை அலமாரியில் அகராதியின் பழைய பதிப்பு இருக்கிறது, உள்ளறையில் புதியது இருக்கிறது. “அகராதியை எடுத்துட்டு வா” என்றால் பிள்ளை முதலில் கண்ணில் பட்டதைத்தான் கொண்டுவருவான். ஆர் கணினிமொழியின் வழக்கமும் இதுதான்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய புள்ளியியல் மொழி ஆர். அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. பலரும் எழுதிப் பகிரும் பேக்கேஜ்கள்தான் அதன் பெரும் பலம். கிரான் என்ற பொதுக் களஞ்சியத்தில் மட்டும் 20,000-க்கும் மேல் உள்ளன. அவற்றை நிறுவிவைக்கும் ஃபோல்டரை ஆர் ‘லைப்ரரி’ என்கிறது.

ஒரே லைப்ரரிக்குள் ஒரே பெயரில் இரண்டு பேக்கேஜ் இருக்க முடியாது. ஆனால் ஒரு கணினியில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட லைப்ரரிகள் இருக்கும். ஆருடன் சேர்ந்து வருவது பொது லைப்ரரி. அதில் எழுத அனுமதி இல்லாதவர் எதையாவது நிறுவ முயன்றால், அவருக்கென்று தனி லைப்ரரி ஒன்றை அமைத்துத் தர ஆர் முன்வரும். மேட்ரிக்ஸ் என்ற பேக்கேஜ் பொது லைப்ரரியில் முன்பே இருக்கிறது. அதன் புதிய பதிப்பை அவர் நிறுவினால் அது தனி லைப்ரரியில் போய் உட்காரும், பழையதும் தன் இடத்திலேயே இருக்கும். இப்படித்தான் இரட்டைப் பிரதி உருவாகிறது.

மேட்ரிக்ஸ் வேண்டும் என்றால் ஆர் லைப்ரரிகளை வரிசையாகத் தேடும். தனி லைப்ரரி முன்னால் நிற்கும். கிடைத்த முதல் பிரதியோடு தேடல் முடிந்துவிடும். எது புதியது என்று ஆர் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. சிக்கல் இங்கேதான். ஆர் 4.3.1-ஐ 4.3.3-ஆக உயர்த்தினால் பொது லைப்ரரி புதுப்பிக்கப்படும். தனி லைப்ரரியோ 4.3 என்ற அளவிலேயே பெயர் பெற்றிருப்பதால் அப்படியே தொடரும். அதில் உள்ள பழைய மேட்ரிக்ஸ், பின்னால் வந்த புதியதை மறைத்துவிடலாம். புதிய பதிப்பைக் கட்டாயமாகக் கேட்கும் வேறொரு பேக்கேஜ் அப்போது ஏற மறுக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. ‘இன்ஸ்டால்டு பேக்கேஜஸ்’ கட்டளை, ஒவ்வொரு பேக்கேஜிலும் உள்ள ‘டிஸ்கிரிப்ஷன்’ கோப்பைப் படித்துப் பெயர், இடம், பதிப்பு எண் ஆகியவற்றை அட்டவணையாகத் தரும். அட்டவணையின் பெயர் நெடுவரிசையை ‘டூப்ளிகேட்டட்’ சார்பிடம் கொடுத்தால், ஒரு பெயர் முதல்முறை வரும்போது விட்டுவிட்டு, மறுமுறை வரும்போது குறித்துக்காட்டும். அட்டவணையும் தேடல் வரிசையிலேயே அமைவதால், குறிக்கப்பட்டவை எல்லாம் மறைந்து கிடக்கும் பிரதிகள். அந்தப் பெயர்களுக்குரிய எல்லா வரிகளையும் எடுத்துப் பதிப்பு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்; பழையது முன்னால் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நீக்கும்போது நிதானம் வேண்டும். ‘ரிமூவ் பேக்கேஜஸ்’ கட்டளையில் இடத்தைச் சொல்லாவிட்டால் முதல் லைப்ரரியில் உள்ளதுதான் நீங்கும். அது நீங்கள் விரும்பிப் பயன்படுத்தும் பிரதியாகவே இருக்கலாம். ஆகவே இடத்தைக் குறிப்பிட்டே நீக்குங்கள். பொது லைப்ரரியில் கைவைக்காதீர்கள், அது எல்லோருக்கும் உரியது.

இரட்டைப் பிரதி இருப்பதே குற்றமில்லை. எது ஓடுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. ஒரே தரவு, ஒரே நிரல், இரண்டு கணினிகளில் இரண்டு விடை வந்தால், தரவைச் சந்தேகிக்கும் முன் பேக்கேஜ் எந்த அலமாரியிலிருந்து வந்தது என்று பாருங்கள்.