பெயரை மறந்த அப்பத்தா, பாசத்தை மறக்கவில்லை!

“மேஸ்திரி ஐயா! இந்த வாரக் கூலி எப்போ கொடுப்பீங்க?”

என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார், என் அப்பத்தா.

நான் மேஸ்திரி அல்ல. அவருடைய பேரன். சிறு வயதில் என்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவர் அவர்தான். ஆனால் இன்று என்னை அவருக்குத் தெரியவில்லை!

அப்பத்தாவுக்கு வயது 84. மறதி நோய் வந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன்.

“ஆளே அடையாளம் தெரியாதவரைப் போய்ப் பார்த்து என்ன பயன்? நீ வந்துவிட்டுப் போனதே அவருக்கு ஞாபகம் இருக்காதே!” என்று உறவினர் ஒருவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கூடை சுமந்த காலம்

அப்பத்தாவின் ஊர் பிளவக்கல். வத்திராயிருப்புக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

அங்கே இரண்டு அணைகள் உள்ளன. ஒன்று பெரியாறு அணை. மற்றொன்று கோவிலாறு அணை. (முல்லைப் பெரியாறு வேறு, இது வேறு.) மலையில் மழை பெய்தால் இந்த அணைகள் நிரம்பும். அந்தத் தண்ணீர் கண்மாய்களுக்குப் போகும். கண்மாயை நம்பி வயல்கள். வயலை நம்பி ஊர்கள்!

இந்த அணைகள் 1970-களில் கட்டப்பட்டன. அப்போது கூலி வேலைக்குப் போன பெண்களில் அப்பத்தாவும் ஒருவர். தலையில் சும்மாடு வைத்து, மண் கூடை சுமந்தார். அந்தக் கூலியில்தான் என் அப்பாவைப் படிக்க வைத்தார்.

அணை வேலை முடிந்து ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆகின்றன. அப்பத்தாவுக்கு மட்டும் அது முடியவில்லை!

மாலை 5 மணி ஆனால் போதும். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, “வேலைக்கு நேரமாச்சு” என்று வாசலுக்குப் போவார். வீட்டில் இருந்தபோது ஒரு நாள் இரவில் யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விட்டார். அணைக்குப் போகும் ரோட்டில் தனியாக நடந்துகொண்டிருந்தார். பால்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டி வந்தார். இன்னொரு நாள் காஸ் அடுப்பைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

என் அப்பாவுக்கே வயது 65. பகலும் இரவும் கண் விழித்துக் காவல் காக்க அவரால் முடியவில்லை. அதன் பிறகுதான் இல்லத்தில் சேர்த்தோம்.

நான் செய்த தவறு

இல்லத்துக்கு முதல் தடவை போனபோது நான் ஒரு பெரிய தவறு செய்தேன்.

“அப்பத்தா! நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்” என்றேன்.

அவர் திருதிருவென்று விழித்தார்.

“நல்லா யோசிச்சுப் பாரு” என்றேன். அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது.

“உங்க தாத்தா மண்வெட்டியோட முன்னாடியே போயிட்டாரு. நான் போகணும்” என்றார்.

“தாத்தாவா? அவர் இறந்து 12 வருஷம் ஆச்சே!” என்று சொல்லிவிட்டேன்.

அப்பத்தாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. “எப்போ செத்தாரு? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அங்கிருந்த நர்ஸ் ஓடி வந்தார். அவரைத் தேற்றி, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

“தம்பி! அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்த வரை தாத்தா உயிரோடுதான் இருக்கிறார். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் சாவு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

மூளையில் என்ன நடக்கிறது?

வயதானால் மறதி வருவது சகஜம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோய் அல்ல. மூக்குக் கண்ணாடி எதற்கு என்பதே மறந்துபோனால், அது நோய்!

மறதி நோய்களில் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர் நோய். இந்தப் பெயர் ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர். 1901-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரில் 51 வயதுப் பெண் ஒருவரை டாக்டர் அல்சைமர் பரிசோதித்தார். அந்தப் பெண்ணால் தன் பெயரைக்கூடச் சரியாக எழுத முடியவில்லை. 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது, அது சுருங்கிப்போய் இருந்தது. மூளை அணுக்களுக்கு நடுவே வேண்டாத பொருள்கள் படிந்திருந்தன.

இந்த நோய் புதிய ஞாபகங்களைத்தான் முதலில் தாக்குகிறது. காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும். 50 ஆண்டுகளுக்கு முன் குடித்த கூழ் ஞாபகம் இருக்கும். நேற்று வந்த பேரன் மறந்துபோவான். அன்று அதட்டிய மேஸ்திரி ஞாபகத்தில் இருப்பார். அதனால்தான் இவர்கள் பழைய காலத்தில் வாழ்கிறார்கள்.

பாட்டும் கடைசி வரை தங்கி நிற்பது உண்டு. அப்பத்தாவின் பக்கத்துக் கட்டிலில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை இருக்கிறார். மகளின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் ஆண்டாளின் ஊரில் பிறந்தவர் ஆயிற்றே! முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் போதும். திருப்பாவைப் பாசுரங்களைத் தடுமாறாமல் பாடுகிறார்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100 பேரில் 7 பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர்! 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின் கணக்கு இது. நகரங்களைவிடக் கிராமங்களில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

படம் மறந்தது, சோகம் நின்றது

இப்போது உறவினரின் கேள்விக்கு வருவோம். நாம் போய்ப் பார்த்தது ஞாபகம் இல்லை என்றால், பார்த்து என்ன பயன்?

அமெரிக்காவில் உள்ள அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அல்சைமர் நோய் உள்ள 17 பேருக்குச் சோகமான சினிமாக் காட்சிகளைக் காட்டினார்கள். இன்னொரு சமயம் சந்தோஷமான காட்சிகளைக் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்து, “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டார்கள்.

பெரும்பகுதி மறந்துபோயிற்று. படம் பார்த்ததே ஒருவருக்கு ஞாபகம் இல்லை!

ஆனால், மனதில் ஏற்பட்ட சோகமும் சந்தோஷமும் அரை மணி நேரம் வரையிலும் நீடித்தன. எதற்காக வருந்துகிறோம் என்று தெரியாமலே அவர்கள் வருந்தினார்கள். சந்தோஷத்தைவிடச் சோகம்தான் அதிக நேரம் நின்றது. 2014-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது.

இதன் பொருள் என்ன? நாம் கொடுத்த பழம் மறந்துபோகும். நாம் காட்டிய அன்பு மனதில் தங்கும். நாம் என்ன சொல்லித் திட்டினோம் என்பது மறந்துபோகும். திட்டிய வலி தங்கும்!

நான் அழவைத்துவிட்டு வந்த அன்று, காரணம் தெரியாமலே அப்பத்தா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லையாம்.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா?

“பெற்ற தாயை இல்லத்தில் தள்ளிவிட்டார்கள்” என்று எங்கள் தெருவில் பேசினார்கள். அப்பா பல நாள் தலை குனிந்து நடந்தார்.

விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு பழைய காயம் உண்டு. படுக்கையில் விழுந்த முதியோரின் உயிரை வீட்டாரே முடித்துவிடும் ‘தலைக்கூத்தல்’ என்ற கொடுமை தென் மாவட்டங்களில் இருந்தது. 2010-ல் இந்த மாவட்டத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவர், தனக்கு அந்தக் கதி வரப்போவதை அறிந்து தப்பி ஓடினார். அப்போதுதான் வெளியுலகம் திடுக்கிட்டது. முதுமையைப் பாரம் என்று நினைத்தால் மனிதன் எதுவரை போவான் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே, நல்ல இல்லத்தில் சேர்ப்பது பாவம் அல்ல. சேர்த்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பாவம்!

நல்ல இல்லம் எப்படி இருக்க வேண்டும்? நெதர்லாந்து நாட்டில் ஹோகவேய்க் என்ற இடத்தில், மறதி நோயாளிகளுக்கென்றே ஒரு சிறிய கிராமம் 2009-ல் திறக்கப்பட்டது. அங்கே தெரு உண்டு. கடை உண்டு. பூட்டிய அறையில் கிடக்காமல், நோயாளிகள் தெருவில் நடமாடுகிறார்கள். கவனிக்கும் ஆட்கள் கூடவே இருக்கிறார்கள். சென்னையில் ‘ஸ்கார்ப்’ என்ற மனநல நிறுவனம் மறதி நோய்க்கெனத் தனிப் பராமரிப்புச் சேவை நடத்துகிறது.

அப்பத்தா இருக்கும் இல்லம் சிறியதுதான். ஆனாலும், அவரவர் அறைக் கதவில் அவரவருக்குப் பழக்கமான படம் ஒட்டியிருக்கிறார்கள். அப்பத்தாவின் கதவில் பிளவக்கல் அணையின் படம்! எழுத்துப் படிக்காதவர், ஆனால் அதைப் பார்த்துத் தன் அறையைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

பார்க்கப் போகிறவர்களுக்கு...

அந்த நர்ஸ் எனக்குச் சொன்னவை இவை. உங்களுக்கும் உதவும்.

“நான் யார்?” என்று பரீட்சை வைக்காதீர்கள். “அப்பத்தா, உங்க பேரன் வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

காலையிலோ முற்பகலிலோ போங்கள். மாலையில் பலருக்குப் பதற்றம் அதிகமாகும்.

எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, மெதுவாகப் பேசுங்கள். ஒரு சமயத்தில் ஒரு கேள்வி போதும்.

தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். வாதாடாதீர்கள். அவர் சொல்லும் காலத்தைப் பற்றியே கேளுங்கள்.

பழைய போட்டோ, பழைய பாட்டு, அவர் கட்டிய பழைய சேலை ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.

பால்கோவா வாங்கிப் போகும் முன் நர்ஸிடம் கேளுங்கள். சர்க்கரை வியாதி இருக்கலாம். விழுங்கச் சிரமமும் இருக்கலாம்.

குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். “பாட்டிக்கு மூளையில் நோய். நம்மேல் கோபம் இல்லை” என்று முன்பே சொல்லி வையுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மறதி அதிகமானால், “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. அல்சைமர் நோயை முழுதும் குணப்படுத்த மருந்து இல்லை.

ஆனால் தடுக்க வழி உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை பிடித்தல், காது கேளாமை, தனிமை போன்ற 14 காரணங்களைக் கவனித்தால், உலகில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறதி நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் நிபுணர் குழு ஒன்று அறிவித்தது. அந்த 14 காரணங்களில் படிப்புக் குறைவும் ஒன்று. படிப்பு மூளைக்குப் பலம் தருகிறது!

முதியோருக்கு உதவி தேவைப்பட்டால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

பாதிப் பழம்

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன்.

“மேஸ்திரி ஐயா! கூலி எப்போ?” என்று கேட்டார் அப்பத்தா.

இந்தத் தடவை நான் திருத்தவில்லை. “கூடை ரொம்பக் கனமா இருக்குமோ?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான்! அப்பத்தாவின் கண்கள் பளபளத்தன. யார் முதலில் நடப்பார்கள், யார் பாட்டுப் பாடுவார்கள், கஞ்சிக்கு என்ன தொட்டுக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “என் மவன் பள்ளிக்கூடம் போறான். அவனுக்குச் சிலேட்டு வாங்கணும். அதுக்குத்தான் கூலி கேட்டேன்” என்றார்.

என் அப்பாவின் சிலேட்டு! இத்தனை ஆண்டுகளில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

புறப்பட எழுந்தேன். அப்பத்தா என் கையைப் பிடித்தார். கையில் வைத்திருந்த வாழைப்பழத்தை இரண்டாகப் பிட்டார். பாதியை என்னிடம் நீட்டினார்.

“சாப்பிடு ராசா. வெயில்ல வந்திருக்கே” என்றார்.

‘ராசா’ என்றுதான் சிறு வயதில் என்னைக் கூப்பிடுவார்.

என் பெயர் அவருக்குத் தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. ஆனால் வெயிலில் வந்தவன் பசியோடு இருப்பான் என்று தெரிந்தது.

அந்தப் பாதிப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.