சைக்கிள் சீட்: மெத்தென்று இருந்தால் மட்டும் போதுமா?

தாராவியில் இருந்து அதிகாலையில் இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்படும் தமிழர்கள் பலர். ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாதுங்கா, சயான், செம்பூர் என்று தெருத் தெருவாகப் போகிறார்கள். அவர்களுடைய இட்லியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அவர்கள் உட்கார்ந்து போகும் சீட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

உட்காரும் இடத்தில் புண், இடுப்பு வலி, தொடை இடுக்கில் மரத்துப் போவது. இவற்றை வெளியே சொல்லக் கூச்சம். "சைக்கிள் என்றால் அப்படித்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய வரும்படி போச்சு.

வலி வந்ததும் செய்யும் முதல் காரியம், மெத்தென்ற சீட்டோ, ஜெல் உறையோ வாங்கி மாட்டுவது. கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் ஓட்டும்போது உடம்பு அதில் புதைந்துவிடுகிறது. பஞ்சு நடுவில் பிதுங்கி, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்துகிறது.

இடுப்பு எலும்பின் அடியில் இரண்டு முனைகள் உண்டு. உடம்பின் பாரத்தை அவை தாங்க வேண்டும். அவற்றின் இடைவெளி ஆளுக்கு ஆள் வேறு. கடைக்குப் போகும் முன் அதை வீட்டிலேயே அளக்கலாம். கெட்டியான ஸ்டூலில் ஒரு அட்டைப்பெட்டி அட்டையைப் போட்டு, நன்றாக அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும். அந்த இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிடச் சுமார் ஒரு அங்குலம் கூடுதல் அகலம் உள்ள சீட்டைக் கேட்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய மாடல் சைக்கிளுக்கு அகலமான ஸ்பிரிங் சீட்தான் பொருத்தம். குனிந்து ஓட்டுவதற்கென்று செய்த ஒல்லி சீட்டை அதில் மாட்டுவது, அழகுக்காகக் காலைக் கடிக்கும் செருப்பு போடுவது போல.

மிஸ்திரியின் ஸ்பானர்

பல பேருக்குப் புது சீட்டே தேவைப்படாது. தெருமுனை சைக்கிள் மிஸ்திரியிடம் சொல்லி உயரத்தைச் சரி செய்தாலே பாதி வலி போய்விடும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நீள வேண்டும். பாரம் ஏற்றி அடிக்கடி நிற்பவர்களுக்கு இதைவிடச் சற்றுத் தாழ்வாக, நுனிக்கால் தரையில் படும்படி வைப்பதே பாதுகாப்பு. சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருக்கவே கூடாது. உயர்த்தும்போது சீட் கம்பி இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கம்பி வளைந்துவிடும்.

மரத்துப் போனால் அலட்சியம் வேண்டாம்

மரத்துப் போவது, நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குவதன் அறிகுறி. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கு இல்லாத சீட் கொடுத்து 6 மாதம் ஓட்டச் சொன்னார்கள். முன்பு 100-க்கு 73 பேர் மரத்துப் போவதாகச் சொன்னார்கள். பிறகு 18 பேர்தான். 2008-ல் வெளிவந்த ஆய்வு இது. அந்த மாதிரி சீட் நம் தெருக் கடைகளில் எளிதில் கிடைக்காது. நடுவில் பள்ளம் உள்ள சீட் கேட்கலாம். மூக்கைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம். அப்படியும் மரத்தால் டாக்டரிடம் போக வேண்டும். கூச்சம் இங்கே ஆகாது.

தோல் சீட்

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் குதிரைச் சேணம் செய்துகொண்டிருந்தவர் ப்ரூக்ஸ். குதிரை செத்துப்போனதால் சைக்கிளில் வேலைக்குப் போய், சீட் படுத்திய பாடு தாங்காமல் தானே தோல் சீட் செய்தார் என்பார்கள். 1882-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். தோல் சீட், ஓட்ட ஓட்ட ஆளின் உடம்புக்குத் தக்கபடி படியும். ஆனால் மழை அதற்கு ஆகாது. மும்பை மழையில் பிளாஸ்டிக் உறை இல்லாமல் விட்டால் ஒரே பருவத்தில் தொய்ந்துவிடும்.

தாராவியில் தோல் தொழிலை ஊன்றியவர்களில் நம்மவர்கள் உண்டு. பை, பெல்ட் தைக்கும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. சீட்டின் மேல் உறை மட்டும் கிழிந்திருந்தால், புது சீட் வாங்கும் முன் அங்கே தைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.

புது சீட் வாங்கினால் காலி சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பணம் கொடுத்துவிடக் கூடாது. கேரியரில் வழக்கமான பாரத்தை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் சரிப்படாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்பதையும் கடைக்காரரிடம் முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும்.