பல்லிக்கு அலறும் மணி. திருடனுக்கு மட்டும் கப்சிப்!

மலிவு விலை சென்சார்களுக்குத் திருப்புளி வைத்தியம்

சென்னை,–

"அண்ணாச்சி! உங்க கடையில மணி அடிக்குது. உடனே ஓடியாங்க!"

நள்ளிரவு 2 மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் யாருக்குத்தான் தூக்கம் போகாது? கடைக்காரர் அலறிப்புடைத்துக்கொண்டு ஓடி வருகிறார். ஷட்டரைத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே திருடனும் இல்லை, கொள்ளையனும் இல்லை. சுவரில் ஒரு பல்லி. அவ்வளவுதான்!

முதல் நாள் பல்லி. இரண்டாம் நாள் பூனை. மூன்றாம் நாள் என்ன காரணம் என்றே தெரியவில்லை. நாலாம் நாள் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். "ஏன் சார், மனுஷன் தூங்க வேணாமா?"

ஐந்தாம் நாள் கடைக்காரர் ஒரு காரியம் செய்கிறார். அலாரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

திருடன் காத்திருப்பது அந்த ஐந்தாம் நாளுக்குத்தான்!

குறை எங்கே?

ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடித்து மணி அடிக்கும் சென்சார் கருவிகள் இன்று மலிந்துவிட்டன. மவுண்ட் ரோடு ரிச்சி தெருவுக்குப் போனால் 100 ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டி ஒரு சென்சாரை வாங்கிவிடலாம். இன்னும் சில நூறு ரூபாய் போட்டால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் சின்ன எலெக்ட்ரானிக் பலகையும் கிடைக்கும். மளிகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, அடகுக்கடை என்று எல்லோருமே மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகுதான் தலைவலி. "மலிவுச் சரக்கு, இப்படித்தான் இருக்கும்" என்று பலர் கைகழுவிவிடுகிறார்கள். அது தவறு. பொய்யாக மணி அடிப்பது பல நேரம் மாட்டிய இடத்தின் குற்றம், திருகாமல் விட்ட திருகின் குற்றம். ஒரு திருப்புளியும் ஒரு மணி நேரமும் இருந்தால் இதே மலிவுக் கருவியை நம்பிக்கைக்கு உரியதாக மாற்றிவிடலாம்.

கேமரா பார்த்தது, யாரையும் எழுப்பவில்லை

"அதான் கேமரா வச்சிருக்கோமே!" என்பது சிலரது பதில். திருச்சியில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2019-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி அதிகாலை. சத்திரம் பஸ் நிலையம் அருகே உள்ள பிரபல நகைக்கடையின் பின்சுவரில் ஓட்டை போட்டு முகமூடி ஆசாமிகள் உள்ளே புகுந்தார்கள். சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளினார்கள். மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப்பொடியைத் தூவிவிட்டுக் கம்பி நீட்டினார்கள். அவர்கள் நகைகளை வாரிப் பையில் போடுவது முழுவதும் கேமராவில் பதிவாகி இருந்தது. ஆனால் விஷயம் தெரிந்தது காலையில் கடையைத் திறந்த பிறகுதான்!

2021-ம் ஆண்டு டிசம்பரில் வேலூரில் இதே பாணி. இங்கும் சுவரில் ஓட்டை. சிங்க முகமூடி போட்ட ஆசாமி கேமராக்கள் மீது ஸ்பிரே பெயிண்டை அடித்துவிட்டு சுமார் 15 கிலோ நகைகளைச் சுருட்டினான். நகைகளைப் பின்னர் ஒடுகத்தூர் சுடுகாட்டில் இருந்து போலீசார் தோண்டி எடுத்தார்கள்.

2023-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை பெரம்பூரில் கைவரிசை. நகைக்கடை ஷட்டரையே கியாஸ் வெல்டிங் கருவியால் அறுத்து, 9 கிலோ தங்க நகைகளைக் கொள்ளையடித்துச் சென்றார்கள்.

மூன்றிலும் ஒரு பாடம் இருக்கிறது. பூட்டை மட்டும் காவல் காத்தால் போதாது. திருடன் சுவர் வழியாகவும் வருவான். கேமரா விடிந்த பிறகு சாட்சி சொல்லும். திருடன் உள்ளே இருக்கும்போதே ஆளை எழுப்பிவிடுவது சென்சாரின் வேலை.

உடம்புச் சூட்டைப் பார்க்கும் கண்

மலிவு சென்சார் எப்படி வேலை செய்கிறது? இதன் விவரம் வருமாறு:–

மனித உடம்பில் இருந்து எப்போதும் சூடு வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அது அகச்சிவப்புக் கதிராக வருவதால் நம் கண்ணுக்குத் தெரியாது. சென்சாருக்குத் தெரியும். அதன் உள்ளே அருகருகே இரண்டு சின்னத் துண்டுகள் இருக்கின்றன. வெளியே முட்டை ஓடு போல வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி. அந்த மூடிதான் லென்ஸ். அது அறையை விசிறி மடிப்புப் போலப் பல பட்டைகளாகப் பிரித்துக் காட்டுகிறது.

ஆள் ஒரு பட்டையில் இருந்து அடுத்த பட்டைக்கு நகரும்போது, முதலில் ஒரு துண்டில் சூடு படுகிறது, பிறகு மற்றதில். இந்த வித்தியாசம்தான் மணியை அடிக்க வைக்கிறது. அறை முழுவதும் மெதுவாகச் சூடேறினால் இரண்டு துண்டிலும் சமமாகப் படும், மணி அடிக்காது.

இதில் இருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஒன்று, சென்சாருக்குக் குறுக்கே நடப்பவன் உடனே சிக்குவான். அதை நோக்கி நேராக வருபவன் தாமதமாகத்தான் சிக்குவான். இரண்டு, 10 அடி தூரத்தில் நடக்கும் ஆளும், லென்ஸ் மேலேயே ஊரும் பல்லியும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்!

கத்திரி வெயிலில் கண் மங்கும்

சென்னைவாசிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. சென்சார் பார்ப்பது வெறும் சூட்டை அல்ல, சூட்டின் வித்தியாசத்தை. மார்கழி மாதத்தில் சுவர் குளிர்ந்து கிடக்கும். ஆள் பளிச்சென்று தெரிவான். கத்திரி வெயிலில் தகரக் கூரை போட்ட கடை இரவிலும் கொதிக்கும். சுவரின் சூடும் மனிதத் தோலின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அப்போது சென்சாருக்கு ஆளும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான்.

டிசம்பரில் 7 மீட்டர் தூரம் பார்த்த கருவி மே மாதத்தில் அவ்வளவு தூரம் பார்க்காது. அதனால் ஒரு சென்சாரை வைத்துப் பெரிய கூடம் முழுவதையும் காவல் காக்க நினைக்கக் கூடாது. நீளமான கடை என்றால் இரண்டு வேண்டும். சோதனையையும் கோடையில்தான் செய்து பார்க்க வேண்டும்.

சாமி விளக்கும் எதிரி

மாட்டும் இடத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தரையில் இருந்து 7 அல்லது 8 அடி உயரத்தில், அறையின் மூலையில் மாட்டுவது நல்லது. கல்லாப்பெட்டிக்குப் போகிறவன் சென்சாருக்குக் குறுக்கே நடந்துதான் போக வேண்டும். அப்படி ஒரு மூலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெயில் விழும் ஜன்னல், தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, ஏ.சி. காற்று, குளிர்சாதனப் பெட்டியின் சூடான பின்பக்கம் ஆகியவற்றைச் சென்சார் பார்க்கக் கூடாது.

பலர் மறந்துவிடும் இன்னொன்று சாமி படத்துக்கு முன்னால் ஏற்றிவைத்துவிட்டுப் போகும் எண்ணெய் விளக்கு. அந்தச் சுடர் ஆட ஆட சூடும் ஆடும். நள்ளிரவு மணிக்கு அதுவும் ஒரு காரணம். விளக்கைக் குளிரவைத்துவிட்டுக் கடையைப் பூட்டலாம். இல்லாவிட்டால் சென்சாரை வேறு பக்கம் திருப்பலாம்.

எறும்பும் கரப்பான் பூச்சியும் பெட்டிக்குள் புகாதபடி வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். லென்சில் படியும் தூசியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது லென்சில் சுண்ணாம்பு பட்டால் கருவி குருடாகிவிடும்.

இரண்டு திருகு, ஒரு நிமிடப் பொறுமை

ரிச்சி தெருவில் அதிகம் விற்கும் ரகத்தில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு. சுமார் 3 மீட்டரில் இருந்து 7 மீட்டர் வரை மாற்றலாம். மற்றது மணி எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதற்கு. சில வினாடியில் இருந்து 5 நிமிடம் வரை வைக்கலாம்.

12 அடி கடைக்கு 7 மீட்டர் எதற்கு? முழுசாகத் திருகி வைப்பதால்தான் எதற்கெடுத்தாலும் அலறுகிறது. கடைக் கோடி வரை பார்த்தால் போதும் என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கரண்ட் கொடுத்தவுடன் சுமார் ஒரு நிமிடம் சென்சார் நிதானத்துக்கு வராது. அந்த ஒரு நிமிடம் அது சொல்வதை நம்பக் கூடாது. மின்தடை ஏற்பட்டுத் திரும்ப வரும் போதெல்லாம் மணி அடிப்பது இதனால்தான். சின்ன பேட்டரி ஒன்றை இணைத்தால் இந்தத் தொல்லை தீரும். திருடன் மெயினை அணைத்தாலும் மணி ஒலிக்கும். செல்போனுக்குத் தகவல் போக வேண்டும் என்றால் இன்டர்நெட் பெட்டிக்கும் பேட்டரி வேண்டும்.

தகவல் அனுப்பும் 'வைபை' பலகையைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைப்பதும் தப்பு. அதன் ரேடியோ அலை சென்சாரை உலுக்கிப் பொய் மணி அடிக்க வைக்கும். இரண்டுக்கும் இடையே சற்று தூரம் விட வேண்டும்.

இரட்டைச் சாட்சி

கோர்ட்டில் ஒருவர் சொல்வதைவிட இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் வலு அதிகம். சென்சாருக்கும் அதே நியாயம்தான்.

சூட்டைப் பார்க்கும் சென்சாருடன், ரேடார் முறையில் அசைவைப் பார்க்கும் மைக்ரோவேவ் சென்சாரையும் சேர்க்கலாம். அதுவும் மலிவுதான். தனியாக வைத்தால் அதுவும் பொய் சொல்லும். மரத் தடுப்புக்கு அப்பால் நடக்கும் பக்கத்துக் கடை ஆளையும் அது பார்த்துவிடும். சுற்றும் மின்விசிறி, பஸ் போகும்போது அதிரும் ஷட்டர், பிளாஸ்டிக் குழாயில் ஓடும் தண்ணீர் கூட அதற்கு ஆள்தான்!

ஆனால் ஒன்றின் பொய் மற்றதற்கு வராது. மின்விசிறியிடம் உடம்புச் சூடு இல்லை. விளக்குச் சுடர் ஆள் போல நடமாடுவதில்லை. "இரண்டும் ஒரே நேரத்தில் சொன்னால் மட்டும் மணி அடி" என்று இணைத்துவிட்டால் பெரும்பாலான பொய் மணி அம்பேல்!

ஒரே சென்சார்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. 20 வினாடிக்குள் இரண்டு தடவை அசைவு தெரிந்தால்தான் மணி அடிக்க வேண்டும் என்று பலகையில் எழுதி வைக்கலாம். உள்ளே வந்த திருடன் ஒரு அடி வைத்துவிட்டு நிற்பானா? நடந்துகொண்டேதான் இருப்பான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கெடுபிடி அதிகமானால் உண்மைத் திருடனையும் கருவி கோட்டைவிட்டுவிடும். பொய் மணியும் குறைய வேண்டும். ஆளும் தப்பக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

20 நடை சோதனை

அதற்குத்தான் நடைச் சோதனை. கடையைச் சாத்திவிட்டு, ஷட்டர் பக்கம் இருந்து, பின்சுவர் பக்கம் இருந்து, சென்சாருக்கு நேராக, குறுக்காக என்று 20 தடவை நடந்து பார்க்க வேண்டும். குனிந்தும் தவழ்ந்தும் பார்க்க வேண்டும். 20-ல் 18 தடவை சிக்கினால் 100-க்கு 90 மார்க். எந்த 2 தடவை தப்பியது என்று பார்த்து அந்த இடத்தைச் சரி செய்ய வேண்டும்.

கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு அலாரம் அடித்தது, காரணம் என்ன என்று எழுதி வைக்கலாம். ஒரே நேரத்தில் தினமும் அடித்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

போலீசுக்கு போன் செய்யும் முன்

பொய் மணி இந்த ஊர்த் தொல்லை மட்டும் அல்ல. அமெரிக்காவில் போலீசுக்கு வரும் திருட்டு அலாரங்களில் 100-க்கு 90-க்கு மேல் பொய் மணிதான். அங்கே சால்ட் லேக் சிட்டி நகரில் 2000-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். அலாரம் அடித்தால் முதலில் அலாரம் கம்பெனி ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால்தான் போலீஸ் வரும். ஒரே வருடத்தில் போலீசுக்கு வந்த அலாரம் அழைப்புகள் 10-ல் ஒரு பங்காகக் குறைந்தன.

சின்னக் கடைக்காரர் கம்பெனி ஆளுக்கு எங்கே போவார்? அந்த வேலையைக் கேமரா செய்யும். கேமரா மட்டும் தனியாக இருந்தால் அதன் கண்ணுக்கு முன்னால் வலை கட்டும் சிலந்தியையும், விளக்கைச் சுற்றும் விட்டில் பூச்சியையும் கூட ஆள் என்று நினைத்துத் தகவல் அனுப்பும். சென்சார் மணி அடித்ததும் கேமரா படம் எடுத்துச் செல்போனுக்கு அனுப்பும்படி இணைத்தால், கடைக்காரர் பாயில் இருந்தபடியே பார்த்துவிடலாம். பல்லி என்றால் திரும்பிப் படுக்கலாம். ஆள் என்றால் உடனே 100-க்கோ 112-க்கோ போன் செய்யலாம். கடைக்குத் தனியாக ஓடக் கூடாது. உள்ளே இருப்பவன் கையில் கடப்பாரை இருக்கும்.

கேமராப் பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்கு அடியில் வைப்பதும் ஆபத்து. விவரமான திருடன் பணத்தோடு அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஷட்டரை இறக்குவதற்கு முன் தினமும் ஒரு தடவை சென்சாரின் முன்னால் குறுக்கே நடந்து பார்ப்பது நல்ல பழக்கம். மணி அடித்தால் கருவி விழித்திருக்கிறது. அடிக்காவிட்டால், யாரோ பகலிலேயே வந்து லென்சில் துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம்!