காந்தத்தை நாடும் ஒட்சிசன்

நாம் உள்ளிழுக்கும் காற்றிலே ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அந்த ஒட்சிசனைக் காந்தம் தன்பால் ஈர்க்கும் என்பதையோ நம்மிற் பலர் அறியோம்.

1891ஆம் ஆண்டிலே இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூசனில் ஜேம்ஸ் டியூவர் என்னும் அறிஞர் திரவ ஒட்சிசனை வலிய காந்தமொன்றின் முனைகளுக்கிடையே வைத்தார். பூச்சியத்துக்குக் கீழே 183 பாகை செல்சியசிற் கொதிக்கும் அந்த இளநீலத் திரவம் துள்ளியெழுந்து முனைகளைப் பற்றிக்கொண்டது. ஆவியாகித் தீரும்வரை அகலவில்லை.

அணுக்கள் இலத்திரன் சோடிகளைப் பகிர்ந்தே பிணைகின்றன என 1916இல் அமெரிக்க அறிஞர் கில்பேட் லூயிஸ் விளக்கினார். ஒட்சிசன் அணுக்கள் இரண்டும் இரு சோடிகளைப் பகிர்வதாக நாம் கரும்பலகையில் வரையும் படம் இவ்வழி வந்ததே. ஆனால், ஒவ்வோர் இலத்திரனும் ஒரு சிறு காந்தம் போன்றது. சோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். படத்திலோ சோடியற்ற இலத்திரன் ஒன்றேனும் இல்லை. அங்ஙனமாயின் டியூவரின் திரவம் துள்ளியெழுந்தது எங்ஙனம்?

விடை 1929இல் வந்தது. ஹுண்ட், மல்லிகன் முதலியோர் வளர்த்த மூலக்கூற்று ஒபிற்றல் கொள்கையைக் கொண்டு லெனாட்-ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இப்புதிரை அவிழ்த்தார். இக்கொள்கையின்படி, பிணைப்பிலே ஈடுபடும் இலத்திரன்கள் ஓர் அணுவுக்கு உரியனவல்ல. மூலக்கூறு முழுவதற்கும் பொதுச் சொத்து.

இலத்திரனுக்கு அலையியல்பு உண்டு. குளத்திலே முகட்டோடு முகடு சேர்ந்தால் அலை உயரும். முகட்டோடு பள்ளம் சேர்ந்தால் அலை அடங்கும். அவ்வாறே ஈரணுக்களின் இலத்திரன் அலைகளும் இருவகையாய்ச் சேரும். ஒருவகை அணுக்களைப் பிணைக்கும்; மற்றது பிரிக்க முயலும். ஒவ்வோர் ஒபிற்றலிலும் இரண்டு இலத்திரன்களுக்கே இடமுண்டு.

ஐதரசன் மூலக்கூற்றின் இரண்டு இலத்திரன்களும் பிணைக்கும் இடத்தில் அமர்கின்றன. ஈலியம் அணுக்கள் இரண்டு சேர்ந்தால் இலத்திரன்கள் நான்கு. இரண்டு பிணைக்க, இரண்டு பிரிக்கும். வரவும் செலவும் சரியாகிவிடுவதால் ஈலியம் தனியணுவாகவே திரிகின்றது.

ஒட்சிசனில் வெளியோட்டு இலத்திரன்கள் பன்னிரண்டு. எட்டுப் பிணைக்க, நான்கு பிரிக்கும். எஞ்சுவது நான்கு, அதாவது இரு சோடிகள். பழைய இரட்டைப் பிணைப்பு பிழைத்துக்கொண்டது! ஆனால், கடைசி இரண்டு இலத்திரன்களுக்குச் சமசக்தியுடைய இரண்டு இடங்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று தள்ளுவன. ஆதலால் இடத்துக்கு ஒன்றாய்த் தனித்தே அமர்கின்றன. அந்தத் தனிமையே காந்தம் கவரும் இரகசியம். நைதரசனுக்கு இவ்விரண்டும் இல்லை. ஆகவே அதனைக் காந்தம் கவர்வதுமில்லை.

இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. இப்பண்பைக் கொண்டே 1940இல் லைனஸ் போலிங் ஒட்சிசனை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். முதலில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கென எழுந்த அக்கருவி, பின்னர்க் குறைமாதக் குழந்தைகளைப் பேணும் காப்புப் பெட்டிகளுக்கும் உதவியது. அங்கே ஒட்சிசன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. மிகுந்தாற் கண்ணுக்கு ஆபத்து. துணையின்றி நின்ற இரண்டு இலத்திரன்கள் எத்தனையோ பச்சிளங் குழந்தைகளுக்குத் துணைநின்றன.

மாணவர்காள்! படத்துக்கு அடங்காத ஓர் உண்மையைக் கண்டால் அதனை ஒதுக்கிவிடாதீர்கள். படத்தைத் திருத்தும் வேளை அதுவாக இருக்கலாம்.